ரெஸ்லிங் ரிங்: கடைப் பெட்டியா, அசலா, பாஸ் அடித்துத் தரும் பலகையா?

பிள்ளை விளையாட ரெஸ்லிங் ரிங், அதாவது மல்யுத்த மேடைப் பொம்மை, வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறான் என்றால், கடைக்குப் போவதற்கு முன் அவனிடம் ஏற்கெனவே இருக்கும் வீரர் பொம்மைகளை வரிசைப்படுத்திப் பாருங்கள். சப்பாத்துப் பெட்டிக்குள் கிடப்பவர்களைப் பாயில் கொட்டி, பள்ளிக்கூட அடிமட்டத்தைப் பக்கத்தில் பிடியுங்கள். 6 அங்குலத்துக்குக் கிட்டிய உயரமா? முழங்கை, முழங்கால் மடங்குகிறதா? அல்லது 4 அங்குல உயரத்தில், அமுக்கினால் நெஞ்சு உள்ளே போகும் வெற்றுப் பிளாஸ்டிக்கா? ரிங்கைத் தெரிவு செய்வதில் பாதி வேலை இந்த அளவோடு முடிந்துவிடும். கடைக்காரர் இதைக் கேட்கமாட்டார். சத்தம் வருவது வேண்டுமா, வராதது வேண்டுமா என்பதே அவருடைய ஒரே கேள்வி.

மலையகத்தில் இருப்பவருக்கு வழிகள் மூன்று. ஹட்டன், நுவரெலியா, பதுளை டவுன்களின் ஃபேன்சி கடைகளிலும் தோட்டத்துத் திருவிழாக் கடைகளிலும் தொங்கும் பெயரில்லாப் பெட்டி ஒன்று. தொலைக்காட்சியில் மல்யுத்தம் நடத்தும் அமெரிக்க நிறுவனமான டபிள்யூ.டபிள்யூ.ஈ.யின் முத்திரையோடு, பொம்மை நிறுவனமான மாட்டெல் செய்யும் அசல் ரிங் இரண்டாவது. தச்சு வேலை தெரிந்த பாஸ் ஒருவரைப் பிடித்துப் பலகையில் அடித்துக்கொள்வது மூன்றாவது. என் பக்கம் எது என்பதை மறைக்கப் போவதில்லை: காசை வீரர்களில் போடுங்கள், ரிங்கைப் பலகையில் செய்துகொள்ளுங்கள். ஆனால் எல்லா வீட்டுக்கும் அது சரிவராது. எந்த வீட்டுக்குச் சரிவராது என்பதையும் சொல்கிறேன்.

"இதெல்லாம் எதற்கு, சண்டைக் குணம்தான் வளரும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அவர்களுக்கு என்னிடம் ஒரு பதில் உண்டு. ஓகஸ்ட் விடுமுறையில் ஹட்டன், மஸ்கெலியா பக்கம் தென்மேல் பருவமழை விடாது. டிசம்பர் விடுமுறையில் பதுளை, பசறை பக்கம் வடகீழ் பருவமழை. கிரிக்கெட் மட்டை மூலையில் சாய்ந்திருக்கும் அந்த நாட்களில், தொலைபேசியில் மல்யுத்த வீரர் ரோமன் ரெய்ன்ஸைப் பார்த்த பிள்ளைக்கு அம்மாவின் கட்டிலே ரிங், தம்பியே எதிராளி. கட்டில் சட்டத்திலிருந்து தம்பியின் மேல் பாய்வதைவிட, அண்டர்டேக்கர் பொம்மையைப் பலகையின் மேல் போட்டு அடிப்பது எல்லோருக்கும் நல்லது. குணத்தைப் பற்றிய விவாதத்தை அதற்குமேல் நான் வளர்க்கமாட்டேன்.

முதலில் கடைப் பெட்டி. மேலே உள்ள படத்தில் ரிங்கைச் சுற்றி ஆயிரக்கணக்கான ரசிகர்கள் கை தட்டிக்கொண்டிருப்பார்கள். உள்ளே இருப்பது ஒரு பிளாஸ்டிக் தட்டு, நான்கு கம்பங்கள், ஒரு முடிச்சு ரப்பர், நாலைந்து வீரர்கள். கம்பத்தின் அடிமுனை தட்டின் துளைக்குள் செருகப்படுகிறது; செருகும் பகுதி சுண்டுவிரல் நகத்தளவு நீளம்தான். சிக்கல் தொடங்குவது அங்கேதான். ரப்பரை இறுக்கமாகக் கோத்தால் கம்பங்கள் நான்கும் உள்நோக்கிச் சாய்கின்றன. தளர்த்திக் கோத்தால் கயிறு தொய்ந்து வீரனின் முழங்காலுக்கு வந்துவிடுகிறது. கயிற்றில் மோதவிட்டு, அது திருப்பி எறியும் வேகத்தில் எதிராளியை வீழ்த்துவதுதான் இந்த விளையாட்டின் பாதி. கயிறு எறியாத ரிங், ரிங்கின் படம் மட்டுமே.

இந்த வகையில் வாங்கத்தான் வேண்டும் என்றால், கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம்: கயிறுகளை எண்ணுங்கள். ரெஸ்லிங் ரிங்குக்கு மூன்று கயிறு, குத்துச்சண்டை ரிங்குக்கு நான்கு. பல பெட்டிகளில் குத்துச்சண்டை ரிங்கை வைத்து மேலே ரெஸ்லிங் படம் ஒட்டியிருக்கிறார்கள். பெரியவர்களுக்கு இது பெரிய விடயமாகத் தோன்றாது. பிள்ளை திறந்த கணமே கண்டுபிடித்துவிடுவான்.

வாடையும் ஒரு சோதனை. மூடியைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் வாடை வந்தால், அந்த மெல்லிய பிளாஸ்டிக்கில் என்ன கலந்திருக்கிறார்கள் என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. மென்மையாக்கச் சேர்க்கும் தாலேட் வகைகள் சிலவற்றுக்கு ஐரோப்பிய ஒன்றியம் விளையாட்டுப் பொருள்களில் 0.1 சதவீதம் என்று எல்லை வைத்திருக்கிறது. பெட்டியில் தயாரிப்பாளர் பெயரே இல்லாதபோது அந்த எல்லையை யாரிடம் போய்க் கேட்பது? எந்த முத்திரையையும் எவரும் அச்சடித்துவிடலாம். 4, 5 வயதுப் பிள்ளைக்கு, உடைந்தால் மனம் நோகாத விலையில், வாடையில்லாத பெட்டி கிடைத்தால் வாங்குங்கள். 8 வயதுப் பிள்ளைக்கு வாங்காதீர்கள். அவனுக்கு அது அவமானம்.

சத்தம் போடும், விளக்கெரியும் பெட்டிகளை மட்டும் நான் ஒரேயடியாக ஒதுக்குகிறேன். அவற்றில் பல பொத்தான் பற்றரியில் ஓடுபவை. அதை ஒரு சின்னப் பிள்ளை விழுங்கி, உணவுக்குழாயில் சிக்கிவிட்டால் 2 மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண் உண்டாகலாம். பொகவந்தலாவைத் தோட்டத்தின் மேற்பிரிவு ஒன்றிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து சேர எவ்வளவு நேரம் எடுக்கும் என்று அங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பற்றரி மூடிக்குத் திருகாணி இல்லாத எதையும் கைக்குழந்தை உள்ள வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள்.

அசல் ரிங்குக்கு வருவோம். இந்த வீரர்களின் பொம்மை உரிமை பல கை மாறியது. 1984இல் எல்ஜேஎன், 1990இல் ஹாஸ்ப்ரோ, 1996இல் ஜாக்ஸ் பசிபிக், 2010 முதல் மாட்டெல். இந்த வரலாறு நமக்கு எதற்கு என்றால், வெளிநாட்டிலிருக்கும் உறவினர் "பழைய ரிங் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது, கொண்டுவரவா" என்று கேட்கும்போது உதவும். ஹாஸ்ப்ரோ காலத்து வீரர்கள் 4½ அங்குலத்தை ஒட்டியவர்கள், எல்ஜேஎன் வீரர்கள் 8 அங்குலம். இன்றைய மாட்டெல் வீரனை ஹாஸ்ப்ரோ ரிங்கில் நிறுத்தினால் சின்னப் பிள்ளையின் தொட்டிலில் அப்பா ஏறி நிற்பதுபோல் இருக்கும். பழைய ரிங்குகளில் கயிற்றின் இலாஸ்டிக்கும் செத்துப் போயிருக்கும். பழசு வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

மாட்டெலின் சாதாரண ரிங், சூப்பர்ஸ்டார் ரிங் என்று விற்பது, பக்கத்துக்கு 14 அங்குலம். ஒரு அடியை ஒரு அங்குலமாகச் சுருக்கிய அளவில் வீரர்கள் செய்யப்படுகிறார்கள். 6 அடி மனிதன் 6 அங்குலம். டபிள்யூ.டபிள்யூ.ஈ.யின் உண்மையான ரிங் பக்கத்துக்கு 20 அடி. ஆகவே கணக்குப்படி பொம்மை ரிங் 20 அங்குலம் இருக்க வேண்டும். 14 அங்குலத்தில் இருவர் மோதினால் குறை தெரியாது. நால்வர் இறங்கும் டேக் டீம் சண்டை என்றால் ஒருவன் மற்றவனின் காலை மிதித்துக்கொண்டுதான் நிற்பான். சரியான அளவில் செய்த பெரிய ரிங்குகளும் வந்திருக்கின்றன. அவை பெரியவர்கள் அலுமாரியில் வைத்து அழகு பார்ப்பதற்கானவை; விலையும் அப்படியே. அவற்றை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

இன்னொரு பக்கத்திலிருந்து பார்த்தால் அந்த 14 அங்குலமே நமக்கு வசதி. 10க்கு 12 அடி லயக் காம்பராவில் (தோட்டத்து வரிசை வீட்டின் ஒற்றை அறையில்) கட்டில், அலுமாரி, பாய்ச் சுருள், பள்ளிக்கூடப் பைகள் போக மிஞ்சும் தரையில் 20 அங்குலப் பொருளை நிரந்தரமாக வைக்க இடமேது? 14 அங்குல ரிங் கட்டிலுக்கடியில் போய்விடும்.

அசலின் பலம் அதன் தளம். அடியில் ஸ்பிரிங் இருக்கிறது. வீரனை எறிந்தால் தளம் அமுங்கி, சத்தத்தோடு எழுகிறது. பற்றரி இல்லாமலே வரும் இந்தச் சத்தத்துக்கு முன்னால் பற்றரிச் சத்தம் ஒன்றுமில்லை. கம்பங்கள் ஆழமாகப் பொருந்துகின்றன, இலாஸ்டிக் கயிறும் நன்றாக எறிகிறது. ஒரே ஒரு எச்சரிக்கை: நம் ஊர் ஈரத்துக்கு ஸ்பிரிங் துருப்பிடிக்கும். தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, சீமெந்துத் தரையில் நேரடியாக வைக்காமல் ஒரு பலகைத் துண்டின் மேல் வைத்தால் போதும்.

விலைதான் தடை. அமெரிக்கக் கடைகளில் 20 டொலரை ஒட்டிய பொருள் இது. டொலர் 300 ரூபா என்று வைத்தால் 6000 ரூபா. 2022 தொடக்கத்தில் டொலர் 200 ரூபாவாக இருந்தபோது இதுவே 4000. இரண்டிலும் கப்பற்கூலியும் வரியும் கடைக்காரர் இலாபமும் சேரவில்லை. 2024 செப்டம்பர் வர்த்தமானியில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா என்று வந்தது. அந்தக் கணக்கில் நாலு நாள் முழுப் பேர் (முழு நாள் வேலை) போட்டாலும் வெறும் ரிங்குக்கே காணாது. அதில் சண்டை போட வீரர்கள் வேறு வேண்டும். அவர்களைப் பெரும்பாலும் ரிங்கோடு தருவதில்லை, தனியாகத்தான் வாங்க வேண்டும். தீபாவளி முற்பணத்தில் இதை வாங்குங்கள் என்று யாருக்கும் நான் சொல்லமாட்டேன்.

இணையத்தில் மலிவாகக் காட்டுகிறதே என்பவர்களுக்கு: படத்தை நம்பாதீர்கள், அளவைப் படியுங்கள். 35 சென்டிமீற்றரை ஒட்டிய பக்கம் எழுதியிருக்க வேண்டும். கட்டைவிரல் சண்டைக்கென்று உள்ளங்கையளவில் ஒரு குட்டி ரிங் விற்கிறார்கள். இருபுறமும் துளையிட்டிருக்கும், விரலை நுழைத்து விளையாடுவது. அருகில் எதுவும் இல்லாமல் படம் எடுத்தால் அது பெரிய ரிங் போலவே தெரியும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பார்சலைப் பிரித்ததும் எழுந்த அழுகை லயத்தின் கடைசி வீடு வரை கேட்டது. தோட்டத்து விலாசத்துக்குக் கூரியர் வண்டி ஏறி வருவதும் அருமை. டவுனில் பழக்கமான கடை விலாசத்தைக் கொடுத்து, பெட்டியை அங்கேயே பிரித்துப் பார்த்துவிட்டுக் கொண்டுவருவதே புத்தி.

மலையகத்தவர் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் பிரிந்துபோன சொந்தங்கள் நீலகிரியிலோ கோயம்புத்தூரிலோ இருந்து வருவதாயிருந்தால், ரிங்கைச் சொல்லிவிடாதீர்கள். பெட்டி பயணப்பையில் பாதியை விழுங்கிவிடும். வீரர்களைச் சொல்லிவிடுங்கள். கல்ஃபிலிருந்து விடுமுறைக்கு வரும் அக்காமாரிடமும் அதையே கேளுங்கள். இரண்டு வீரர்கள் ஒரு சேலை மடிப்புக்குள் வந்துவிடுவார்கள்.

இனி பலகை. முன்பெல்லாம் தேயிலை ப்ளைவுட் பெட்டியில் போனது. உடைந்த பெட்டிப் பலகை தோட்டத்தில் தாராளம். இப்போது தேயிலை கடதாசிச் சாக்கில் போகிறது. அதனால் தச்சுப் பட்டறையின் வெட்டுத்துண்டுகள்தான் நமக்குக் கதி. பாஸிடம் தெரிந்தவராகப் போனால் பலகைக்குக் காசு வாங்கமாட்டார், கூலி கேட்பார். நியாயம்தான்.

அளவு 18 அங்குலச் சதுரம் என்று சொல்லுங்கள். அசலைவிடப் பெரியது, உண்மைக் கணக்குக்குக் கிட்டியது. 3 அங்குல உயரத்தில் ரீப்பர் சட்டம் அடித்து, மேலே 3 அல்லது 4 மில்லிமீற்றர் மெல்லிய ப்ளைவுட்டை ஓரங்களில் மட்டும் ஆணியடிக்க வேண்டும். பாஸ்மார் வழக்கமாக ஒரு நல்ல எண்ணத்தில் நடுவே ஒரு குறுக்குச் சட்டம் வைப்பார்கள், பலகை தொய்யக் கூடாதே என்று. அதற்கு இடம் கொடுக்காதீர்கள். உண்மையான ரிங்கிலும் இரும்புச் சட்டத்தின் மேல் பலகை, அதன் மேல் மெல்லிய மெத்தை, அதற்கு மேல் கன்வஸ் துணி, அடியில் வெற்றிடம். பலகை வளைந்து கொடுப்பதாலும் அடியில் வெறுமையாக இருப்பதாலும்தான் தொலைக்காட்சியில் அந்த இடி முழக்கம் கேட்கிறது. குறுக்குச் சட்டம் வைத்தால் மேசையில் பொம்மையைப் போட்டதுபோல் 'டொக்' என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். பலகை மேல் மெல்லிய ஸ்பஞ்ச் விரித்து, பழைய பள்ளிக்கூடச் சட்டைத் துணியை இழுத்துப் போர்த்தி, ஓரங்களைச் சட்டத்தின் அடியில் சிற்றாணியால் அடித்துவிட்டால் தளம் தயார்.

கம்பத்துக்குத் தும்புத்தடிக் காம்பைவிடச் சிறந்த பொருளை நான் பார்க்கவில்லை. 9 அங்குலமாக நாலு துண்டு. 3 அங்குலம் சட்டத்தின் உள்மூலையில் இறங்கி திருகாணியில் நிற்கும், 6 அங்குலம் மேலே தெரியும். கடைப் பெட்டியின் நகத்தளவு முனையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். கயிறை எவ்வளவு இறுக்கினாலும் கம்பம் அசையாது.

கயிறுதான் தீர்மானிக்க வேண்டிய இடம். ஹார்ட்வெயார் கடையில் திரைச்சீலைக்கென்று வெள்ளைப் பிளாஸ்டிக் உறை போட்ட ஸ்பிரிங் கம்பி அடிக்கணக்கில் கிடைக்கும். பார்வைக்கு அசல் ரெஸ்லிங் கயிறேதான், ஈரத்துக்கும் கெடாது. ஆனால் இறுக்கம் அதிகம். கொக்கி கழன்றால் முகத்தில் அடிக்கும். தையல் சாமான் கடையின் வட்ட இலாஸ்டிக் பார்வைக்குக் குறைவு, எறிவதில் நிறைவு. நான் இலாஸ்டிக் பக்கம். திரைச்சீலைக் கம்பிக்கு மாட்டும் சின்ன வளையத் திருகாணி 12 வாங்கி, ஒரு கம்பத்துக்கு மூன்றாக, தளத்திலிருந்து 1½, 2¾, 4 அங்குல உயரத்தில் திருகுங்கள். மேல்கயிறு வீரனின் நெஞ்சளவுக்கு வரும். இலாஸ்டிக்கை வளையங்களில் கோத்து ஒரே மூலையில் முடிச்சிட்டால், தொய்ந்துபோகும்போது அவிழ்த்து இறுக்கலாம். மூலைகளில் ஸ்பஞ்ச் துண்டை வைத்து இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். டபிள்யூ.டபிள்யூ.ஈ.யின் கயிறும் உண்மையில் டேப் சுற்றிய சாதாரணக் கயிறுதான். வேறு பல ரிங்குகளில் ரப்பர் குழாய்க்குள் ஓடும் இரும்பு வடம்.

சுற்றிவர மறைப்புக்கு பிரிஸ்டல் போர்ட் ஒட்ட வேண்டாம். நுவரெலியா மூடுபனியில் அது ஒரு வாரம் தாங்காது, பைண்டர் கம்மும் பூஞ்சணம் பிடிக்கும். துணிதான் சரி. அந்தத் துணியில் பிள்ளை தன் தோட்டத்துப் பெயரையோ தன் பெயரையோ எழுதிக்கொள்வான். அந்தப் பெருமை எந்த அசல் பெட்டியிலும் கிடையாது. ஓரங்களுக்குச் சேன்ட் பேப்பர் போட்டுச் சிராய் எடுத்துவிடுங்கள், ஆணி முனை எங்காவது நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். வீட்டில் கிடக்கும் பழைய டின் பெயின்டைப் பூசாதீர்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம்.

இந்தப் பலகை ரிங் சரிவராத வீடுகள் உண்டு. 18 அங்குலப் பெட்டி மடங்காது. நடுவில் கீல் வைத்து மடக்கலாம் என்று பாஸ் சொன்னால் மறுத்துவிடுங்கள், கீல் வைத்த இடத்தில் தளம் செத்துவிடும். வாடகை அறையில் அடிக்கடி மாறுகிறவர்கள், கொழும்பிலிருந்து மாதம் ஒருமுறை பஸ்ஸில் வந்து போகிறவர்கள் கையில் இதைக் கொடுக்க முடியாது. அவர்களுக்கு 14 அங்குல அசல்தான். கையில் காசும், 6 அங்குல வீரர்கள் நாலைந்து பேரும் ஏற்கெனவே இருக்கிற வீட்டிலும் அசலை வாங்கலாம். வீரர்கள் 4 அங்குல வெற்றுப் பொம்மைகள் மட்டும் என்றால் அசல் வீண். கடைப் பெட்டியோ, 12 அங்குலத்துக்குச் சுருக்கிய பலகையோ போதும்.

வீரர்களை வாங்கும்போது மாட்டெலின் பேசிக், எலீட் என்ற இரண்டு வரிசைகள் எதிர்ப்படும். எலீட்டில் மூட்டுகள் அதிகம், கழற்றும் உடுப்பும் உபகரணமும் அதிகம், விலையும் அதிகம். எறிந்து விளையாடும் பிள்ளைக்கு பேசிக் போதும். கழற்றிப் போட எதுவும் பெரிதாக இல்லை என்பதே தவழும் தங்கச்சி உள்ள வீட்டில் அதன் சிறப்பு. பெட்டியில் 6 வயதுக்கு மேல் என்று போட்டிருப்பது அழகுக்கு அல்ல. சின்ன நாற்காலியும் பெல்ட்டும் தரையில் உருண்டால் முதலில் கண்டெடுப்பவள் அவள்தான். தங்கச்சி கொஞ்சம் வளர்ந்தவள் என்றால் அவளுக்கும் ஒரு வீராங்கனை வாங்குங்கள், அந்த வரிசையில் பெண்களும் இருக்கிறார்கள். இல்லாவிட்டால் சண்டை பலகையிலிருந்து மறுபடியும் கட்டிலுக்குப் போய்விடும்.

என் தங்கை மகனுக்குப் பலகை ரிங்கும் இரண்டு பேசிக் வீரர்களும் வந்து சேர்ந்ததும் அவன் கேட்டது, "மாமா, நடுவர் எங்கே?" என்பதுதான். நடுவரைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. பழைய கடைப் பெட்டியில் வந்த வெற்று வீரர்களில் ஒருவனுக்கு வெள்ளைத் துணித்துண்டில் கறுப்புப் பேனாவால் நெடுங்கோடு போட்டு மாட்டிவிடுங்கள். மிச்சப் பேரை ரிங்கைச் சுற்றி ரசிகர்களாக உட்கார வைக்கலாம். கை மடங்காதவர்களுக்கு அந்த வேலை போதும்.